அக்கவுண்ட்ஸ் வேலைக்குப் போக என்ன படிக்கணும்? புவனகிரி, சிதம்பரம் மாணவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

அரிசி மில், சிமெண்ட் கடை, உரக்கடை, ஜவுளிக்கடை, நகைக்கடை... புவனகிரி கடைத்தெருவில் எந்தக் கடையை எடுத்தாலும் கல்லாவுக்குப் பின்னால் ஒரு கணக்கு வேலை இருக்கும். முன்பு அதை முதலாளியே ராத்திரி கடையை மூடியதும் உட்கார்ந்து எழுதிவிடுவார். 2017 ஜூலை 1-ம் தேதி ஜிஎஸ்டி வந்த பிறகு நிலைமை மாறிவிட்டது. மாதாமாதம் தேதி தவறாமல் கணக்கை முடித்து இணையதளத்தில் ஏற்ற வேண்டும். அதற்கு ஆள் வேண்டும்.

அந்த ஆளாக ஆவதற்கு என்ன படிக்க வேண்டும்? மூணு வருஷ டிகிரி கட்டாயமா? ஆறு மாத கோர்ஸ் போதுமா? 'டிப்ளமோ இன் அக்கவுண்டிங்' என்று போர்டு வைத்திருக்கும் இடத்தில் எல்லாம் சேரலாமா? விரிவாகப் பார்க்கலாம்.

சுருக்கமாகச் சொன்னால்

* கணக்கு எழுதும் வேலைக்கு டிகிரி கட்டாயம் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஆனால் அரசு வேலை, வங்கி, பெரிய நிறுவனம் என்று போனால் டிகிரி கேட்பார்கள்.
* அமெரிக்காவில் உள்ள இரண்டு ஆண்டு 'அசோசியேட் டிகிரி' அதே பெயரில் தமிழ்நாட்டில் இல்லை. அதற்குப் பக்கத்தில் வரக்கூடிய படிப்புகள் உண்டு.
* தொலைநிலைக் கல்வியில் சேரும் முன் அந்த ஆண்டுக்கான யுஜிசி அங்கீகாரத்தைப் பார்ப்பது மிக முக்கியம்.
* டேலி தெரிந்தால் மட்டும் போதாது. பற்று, வரவு புரியாமல் டேலி கற்றுக்கொண்டு பயனில்லை.

புக் கீப்பிங் வேறு, அக்கவுண்டிங் வேறா?

இரண்டும் ஒன்று என்றுதான் பலர் நினைக்கிறார்கள். சின்ன வித்தியாசம் இருக்கிறது.

தினசரி நடக்கும் கொடுக்கல் வாங்கலை ஒன்றுவிடாமல் தேதி வாரியாகப் பதிவு செய்வது புக் கீப்பிங். பள்ளிப் புத்தகத்தில் இதற்குக் கணக்கேடுகள் பராமரிப்பு என்று பெயர். குறிப்பேடு, பேரேடு, ரொக்க ஏடு எல்லாம் இதில் வரும்.

அப்படிப் பதிவானதை வகைப்படுத்தி, இருப்பாய்வு எடுத்து, லாப நட்டக் கணக்கும் இருப்புநிலைக் குறிப்பும் தயாரித்து, 'கடை எப்படிப் போகுது' என்று சொல்வது அக்கவுண்டிங், அதாவது கணக்கியல்.

இந்த இரட்டைப் பதிவு முறையை முதன்முதலில் அச்சுப் புத்தகத்தில் விளக்கியவர் இத்தாலியைச் சேர்ந்த துறவியும் கணித ஆசிரியருமான லூக்கா பசியோலி. ஆண்டு 1494. ஐநூறு வருடம் தாண்டியும் டேலி சாஃப்ட்வேர் உள்ளுக்குள் செய்வது அதே வேலைதான்.

பற்று, வரவு: தமிழ் மீடியம் மாணவர்கள் தடுக்கி விழும் இடம்

பிளஸ் ஒன்னில் கணக்குப்பதிவியல் எடுக்கும் மாணவர்களுக்கு முதல் மாதத்திலேயே ஒரு குழப்பம் வரும். பேச்சுத் தமிழில் 'வரவு' என்றால் பணம் உள்ளே வருவது. ஆனால் புத்தகமோ, கடைக்குப் பணம் வந்தால் ரொக்கக் கணக்கில் 'பற்று' எழுதச் சொல்கிறது. 'வந்த பணத்தை ஏன் பற்றுன்னு எழுதணும்?' என்ற கேள்விக்குப் பதில் கிடைக்காமலேயே பலர் விதிகளை மனப்பாடம் செய்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

உண்மையில் மளிகைக்கடை பற்று நோட்டை நினைத்துப் பார்த்தால் விஷயம் எளிது. வாடிக்கையாளர் கடனில் சாமான் வாங்கினால் அவர் பெயரில் பற்று எழுதுவார்கள். அவர் பணம் கட்டினால் அவர் பெயரில் வரவு வைப்பார்கள். பெறுபவர் பற்று, தருபவர் வரவு. அவ்வளவுதான் அடிப்படை.

இப்போது கல்லாப் பெட்டியையும் ஒரு ஆளாக நினைத்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் 500 ரூபாய் கட்டினால் அதைத் தந்தவர் அவர், பெற்றது கல்லா. எனவே அவர் கணக்கில் வரவு, ரொக்கக் கணக்கில் பற்று. ஒரே பரிமாற்றம், இரண்டு பதிவு. இதனால்தான் இரட்டைப் பதிவு முறை என்று பெயர்.

வங்கி பாஸ்புக்கிலும் இதே கதைதான். நீங்கள் பணம் போட்டால் அதில் வரவு என்று வரும். காரணம், அது வங்கி உங்களைப் பற்றி எழுதும் கணக்கு. அதே பணம் உங்கள் கடைப் புத்தகத்தில் வங்கிக் கணக்கின் கீழ் பற்றாக இருக்கும். இந்த இரண்டையும் ஒப்பிட்டு வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பதுதான் வங்கிச் சரிக்கட்டும் பட்டியல். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே பெரும்பாலும் இதைத்தான் கையில் கொடுப்பார்கள்.

'அசோசியேட் டிகிரி' நம்ம ஊரில் இருக்கா?

அமெரிக்காவில் கம்யூனிட்டி காலேஜ் என்ற கல்லூரிகள் உண்டு. பள்ளி முடித்தவர்கள் அங்கே இரண்டு ஆண்டு, சுமார் 60 கிரெடிட் படித்தால் அசோசியேட் டிகிரி கிடைக்கும். அதை வைத்து புக் கீப்பர் வேலைக்குப் போகலாம், அல்லது நான்கு ஆண்டு பட்டப்படிப்பில் பாதியில் இருந்து தொடரலாம்.

இந்தியாவில் இதற்கு நேரடியான இணை இல்லை. தேசிய கல்விக் கொள்கை 2020-ஐ ஒட்டி யுஜிசி கொண்டுவந்த கட்டமைப்பில் முதல் ஆண்டோடு வெளியேறினால் சான்றிதழ், இரண்டாம் ஆண்டோடு வெளியேறினால் பட்டயம், மூன்றாம் ஆண்டு முடித்தால் பட்டம் என்ற ஏற்பாடு இருக்கிறது. கிரெடிட் கணக்கில் இது 40, 80, 120.

இங்கேதான் கவனம் தேவை. தமிழ்நாடு அரசு தேசிய கல்விக் கொள்கையை ஏற்கவில்லை. எனவே 'பி.காம் ரெண்டு வருஷம் படிச்சிட்டு நின்னுட்டா டிப்ளமோ கிடைச்சிடும்' என்று யாராவது சொன்னால் அதை நம்பி படிப்பை நிறுத்த வேண்டாம். சேரும் கல்லூரியிலும் பல்கலைக்கழகத்திலும் அந்த வசதி இருக்கிறதா என்பதை எழுத்துப்பூர்வமாக உறுதி செய்யாதவரை, மூன்று ஆண்டு முடித்தால்தான் கையில் பட்டம் என்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பு.

சரி, என்னென்ன வழிகள் இருக்கு?

1. பி.காம்

நேர்வழி இதுதான். மூன்று ஆண்டு. பிளஸ் டூவில் வணிகவியல், கணக்குப்பதிவியல் படித்தவர்களுக்கு முன்னுரிமை உண்டு. புவனகிரி பகுதி மாணவர்களுக்குப் பக்கத்தில் சிதம்பரம் அருகே சி.முட்லூரில் அரசு கலைக் கல்லூரியும், வெள்ளாற்றைத் தாண்டினால் அண்ணாமலை நகரில் 1929-ல் தொடங்கப்பட்ட அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் உள்ளன. கடலூர் பக்கம் போனால் பெரியார் கலைக் கல்லூரி இருக்கிறது.

ஒரு சுவாரஸ்யமான விஷயம். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை நிறுவிய ராஜா சர் அண்ணாமலை செட்டியார், பர்மா, மலாயா, இலங்கை என்று கடல் கடந்து கொடுக்கல் வாங்கல் நடத்திய நகரத்தார் சமூகத்தைச் சேர்ந்தவர். அந்தத் தொழிலுக்கு முதுகெலும்பே பேரேடும், அதை எழுதிய கணக்குப்பிள்ளைகளும்தான்.

2013-ம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் இந்தப் பல்கலைக்கழகம் அரசு வசம் வந்தது. முன்பு வேலூர் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்த கடலூர் மாவட்டக் கல்லூரிகளின் இணைப்பும் 2021-ம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கு மாறியது.

அரசு கலை, அறிவியல் கல்லூரிகளில் சேர பிளஸ் டூ ரிசல்ட் வரும் சமயத்தில் இணையதளம் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். ஒரே விண்ணப்பத்தில் பல கல்லூரிகளைத் தேர்வு செய்யலாம்.

2. பாலிடெக்னிக் பட்டயம்

பாலிடெக்னிக் என்றாலே மெக்கானிக்கல், சிவில் மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். மாடர்ன் ஆபீஸ் பிராக்டிஸ் எனப்படும் நவீன அலுவலக நடைமுறைப் பட்டயம் சில பாலிடெக்னிக்குகளில் இருக்கிறது. பத்தாம் வகுப்பு முடித்தவர்கள் சேரலாம். மூன்று ஆண்டு. கணக்கியலோடு தட்டச்சு, அலுவலக வேலை, கம்ப்யூட்டர் எல்லாம் சேர்த்துச் சொல்லித் தருவார்கள். எல்லா பாலிடெக்னிக்கிலும் இந்தப் பிரிவு கிடையாது என்பதால் விசாரித்துவிட்டுப் போகவும்.

3. அரசு தொழில்நுட்பத் தேர்வு: கணக்கியல்

பலருக்கும் தெரியாத வழி இது. தட்டச்சு லோயர், ஹையர் தேர்வு பற்றி எல்லோருக்கும் தெரியும். அதே தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் கணக்கியலுக்கும் இளநிலை, முதுநிலை என்று தேர்வு நடத்துகிறது. ஆண்டுக்கு இரண்டு முறை நடக்கும். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்களில் விசாரித்தால் விவரம் கிடைக்கும். செலவு குறைவு. கிடைப்பது அரசுச் சான்றிதழ். காலேஜ் படித்துக்கொண்டே எழுதலாம்.

4. சிஏடி சான்றிதழ்

சிஎம்ஏ படிப்பை நடத்தும் இந்தியச் செலவுக் கணக்காளர் நிறுவனம், 'சர்டிபிகேட் இன் அக்கவுண்டிங் டெக்னீஷியன்ஸ்' என்ற படிப்பையும் நடத்துகிறது. சுருக்கமாக சிஏடி. ஐஐஎம் நுழைவுத் தேர்வான கேட் வேறு, இது வேறு. பிளஸ் டூ முடித்தவர்களுக்கானது. கணக்கு எழுதுவது, வரித் தாக்கல், அடிப்படைச் சட்டம் ஆகியவை பாடம். இந்த நிறுவனம் 1959-ம் ஆண்டு நாடாளுமன்றச் சட்டத்தால் அமைந்தது என்பதால் சான்றிதழுக்கு மதிப்பு உண்டு. பிறகு சிஎம்ஏ படிக்க விரும்பினாலும் இது கை கொடுக்கும். அமெரிக்க அசோசியேட் டிகிரியின் நோக்கத்துக்கு இந்தியாவில் மிகப் பக்கத்தில் வருவது இதுதான் என்று சொல்லலாம்.

5. கூட்டுறவு மேலாண்மைப் பட்டயம்

கடலூர் மாதிரியான விவசாய மாவட்டத்தில் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் ஏராளம். பயிர்க்கடன், நகைக்கடன், உரம் விற்பனை, ரேஷன் கடை என்று எல்லாமே கணக்குதான். இந்தச் சங்கங்களிலும் கூட்டுறவு வங்கிகளிலும் உதவியாளர் பணிக்கு டிகிரியோடு கூட்டுறவுப் பயிற்சியும் கேட்பார்கள். தமிழ்நாடு கூட்டுறவு ஒன்றியத்தின் கீழ் இயங்கும் கூட்டுறவு மேலாண்மை நிலையங்கள் இந்தப் பட்டயப் பயிற்சியை ஓராண்டு நடத்துகின்றன. சேர்க்கை அறிவிப்பு நாளிதழ்களில் வரும்.

6. டேலி, ஜிஎஸ்டி குறுகியகால கோர்ஸ்

1986-ல் பெங்களூரில் தொடங்கிய நிறுவனத்தின் தயாரிப்பு டேலி. இப்போதைய பதிப்புக்கு டேலி பிரைம் என்று பெயர். சின்ன, நடுத்தர கடைகளில் இன்றும் முதல் கேள்வி 'டேலி தெரியுமா?' என்பதுதான். இரண்டு, மூன்று மாதத்தில் கற்றுக்கொள்ளலாம்.

இதுல ஒரு சிக்கல். தனியார் கம்ப்யூட்டர் சென்டரில் கொடுக்கும் சான்றிதழில் 'டிப்ளமோ' என்று அச்சடித்திருந்தாலும் அது அரசு அங்கீகாரம் பெற்ற பட்டயம் ஆகிவிடாது. அரசு வேலைக்கு அதைக் காட்ட முடியாது. கடை வேலைக்குத் திறமையைக் காட்ட உதவும், அவ்வளவே. அந்தத் தெளிவோடு சேர்ந்தால் தப்பில்லை. 'டிகிரிக்குச் சமம்' என்று சொல்லிப் பெரிய தொகை கேட்டால் யோசிக்கணும்.

தொலைநிலைக் கல்வி: கையெழுத்துப் போடும் முன் பார்க்க வேண்டியது

வேலைக்குப் போய்க்கொண்டே பி.காம் படிக்க நினைப்பவர்களுக்குத் தொலைநிலைக் கல்வி நல்ல வழி. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம், இக்னோ போன்றவற்றில் பி.காம் உண்டு. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தொலைதூரக் கல்வி இயக்ககம் 1979-ல் தொடங்கியது. தமிழ்நாட்டில் 'கரஸ்' என்றாலே பலருக்கும் முதலில் நினைவுக்கு வந்த பெயர் இது.

ஆனால் 2022 மார்ச்சில் யுஜிசி ஓர் எச்சரிக்கை அறிவிப்பை வெளியிட்டது. இந்தப் பல்கலைக்கழகத்துக்கான தொலைநிலைக் கல்வி அங்கீகாரம் 2014-15 கல்வியாண்டு வரைதான் வழங்கப்பட்டிருந்தது என்றும், மாணவர்கள் சேர வேண்டாம் என்றும் அதில் சொல்லப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் சேர்ந்து படித்தவர்கள் மத்தியில் 'நம்ம டிகிரி செல்லுமா?' என்ற பெரும் பதற்றம் ஏற்பட்டது.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். பல்கலைக்கழகம் அரசுடையது, பழமையானது, பெயர் பெற்றது என்பதெல்லாம் போதாது. அந்தக் குறிப்பிட்ட படிப்புக்கு, நீங்கள் சேரும் அந்தக் குறிப்பிட்ட கல்வியாண்டில், தொலைநிலையில் நடத்த அனுமதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தில் பல்கலைக்கழக வாரியாகப் பட்டியல் இருக்கும். மொபைலிலேயே பார்க்கலாம்.

2024 முதல் இப்படிச் சேரும் மாணவர்கள் அதே தளத்தில் டெப் ஐடி என்ற அடையாள எண்ணை உருவாக்க வேண்டும் என்ற விதியும் வந்திருக்கிறது. அந்த எண் கேட்காமலேயே 'அட்மிஷன் முடிஞ்சுது' என்று யாராவது சொன்னால் உஷாராக இருங்கள்.

மாதம் 1,000 ரூபாய் யாருக்குக் கிடைக்கும்?

அரசுப் பள்ளியில் 6 முதல் 12-ம் வகுப்பு வரை படித்து உயர்கல்வியில் சேரும் மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5-ல் தொடங்கியது. மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்ட் 9-ல் வந்தது. அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. பட்டம், பட்டயம், ஐடிஐ என எல்லாவற்றுக்கும் பொருந்தும். தொலைநிலைக் கல்விக்கும் தனியார் கம்ப்யூட்டர் சென்டர் கோர்ஸுக்கும் கிடையாது.

எனவே 'காலேஜ் போனா செலவு, வீட்டிலிருந்தே படிச்சிடலாம்' என்று கணக்குப் போடும் குடும்பங்கள் இதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மூன்று ஆண்டில் இது 36,000 ரூபாய் வரை வரும். அரசுக் கல்லூரியில் கட்டணமும் குறைவு. பஸ், சாப்பாட்டுச் செலவை இந்தப் பணமே பெருமளவு தாங்கும்.

வேலையில் உட்கார்ந்தால் என்ன செய்யணும்?

பாடப்புத்தகத்தில் ஆண்டு முடிவில்தான் கணக்கு. கடையில் ஒவ்வொரு மாதமும் கணக்கு. மாதாந்திரத் தாக்கல் செய்யும் ஒரு நிறுவனத்தின் காலண்டர் இப்படி இருக்கும்:

* 7-ம் தேதி: பிடித்தம் செய்த டிடிஎஸ் வரியைக் கட்டுவது
* 11-ம் தேதி: போன மாத விற்பனை விவரம், ஜிஎஸ்டிஆர்-1
* 14-ம் தேதி: வாங்கிய சரக்குக்கான வரி விவரம் ஜிஎஸ்டிஆர்-2பி ஆக வரும், அதைக் கடைப் புத்தகத்தோடு ஒப்பிட வேண்டும்
* 15-ம் தேதி: பி.எஃப், இஎஸ்ஐ
* 20-ம் தேதி: வரியைக் கட்டி ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கல்

தாமதமானால் ஒரு நாளைக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம். வியாபாரமே நடக்காத மாதம் என்றாலும் 20 ரூபாய். வரி பாக்கி இருந்தால் ஆண்டுக்கு 18 சதவீத வட்டி தனி.

தமிழ்நாட்டில் சரக்கு விற்பவர்களுக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். சேவைத் தொழிலுக்கு 20 லட்சம்.

ஒரு பில் விட்டுப்போனால் என்ன ஆகும்?

ஓர் உதாரணம் பார்க்கலாம். புவனகிரியில் ஒரு சிமெண்ட் கடை, கடலூர் மொத்த வியாபாரியிடம் 1,00,000 ரூபாய்க்குச் சரக்கு வாங்குகிறது. வரி 18 சதவீதம், அதாவது 18,000. மொத்தம் 1,18,000. குறிப்பேட்டில் கொள்முதல் கணக்கு 1,00,000 பற்று, உள்ளீட்டு வரி மத்திய அரசுக்கு 9,000, மாநில அரசுக்கு 9,000 பற்று, வியாபாரி கணக்கில் 1,18,000 வரவு.

அதே சரக்கை 1,10,000 ரூபாய்க்கு விற்கிறார்கள். வசூலிக்கும் வரி 19,800. ஏற்கெனவே கட்டிய 18,000-ஐக் கழித்துவிட்டு 1,800 மட்டும் அரசுக்குக் கட்டினால் போதும். கடைக்கு லாபம் 10,000.

இப்போது அந்தக் கொள்முதல் பில்லை கணக்கு எழுதுபவர் பதிய மறந்துவிட்டார் என்று வையுங்கள். அல்லது மொத்த வியாபாரி தன் ஜிஎஸ்டிஆர்-1-ல் அதைக் காட்டவில்லை, அதை இங்கே யாரும் கவனிக்கவில்லை. 18,000-ஐக் கழிக்க முடியாது. முழு 19,800-ஐயும் கையிலிருந்து கட்ட வேண்டும். 10,000 ரூபாய் லாபம் பார்த்த வியாபாரத்தில் 18,000 ரூபாய் முடங்கிவிடும். பிறகு கேட்டு வாங்கலாம்தான். ஆனால் அதற்கும் அடுத்த நிதியாண்டின் நவம்பர் 30 வரைதான் கெடு. அதைத் தாண்டினால் பணம் போனது போனதுதான்.

நல்ல கணக்கருக்கும் சுமாரான கணக்கருக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் தெரியும்.

இந்தப் பகுதிக்கே உரிய இன்னொரு விஷயமும் உண்டு. புதுச்சேரி நமக்குப் பக்கம். அங்கிருந்து சரக்கு வாங்கும் கடைகள் அதிகம். ஆனால் அது தனி யூனியன் பிரதேசம். எனவே 9,000, 9,000 என்று பிரிக்காமல் முழு 18,000-ஐயும் ஐஜிஎஸ்டி கணக்கில் எழுத வேண்டும். புதிதாக வேலைக்கு வருபவர்கள் தவறு செய்யும் இடம் இது.

26 கிலோ மூட்டை சொல்லும் பாடம்

அரிசிக் கடைகளில் 25 கிலோவுக்குப் பதில் 26 கிலோ மூட்டையைப் பார்த்திருப்பீர்கள். காரணம் கணக்குதான். 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை பேக் செய்து லேபிள் ஒட்டி விற்கும் அரிசிக்கு 5 சதவீத ஜிஎஸ்டி வந்தது. அதற்கு மேல் எடை இருந்தால் இல்லை. ஒரு கிலோ கூட்டியதும் வரி இல்லாத மூட்டையாகிவிட்டது. ஒரு மில்லில் கணக்கு எழுதுபவர் 10 கிலோ பையையும் 26 கிலோ மூட்டையையும் ஒரே தலைப்பில் எழுதினால் மொத்தக் கணக்கும் தப்பாகிவிடும்.

விதிகள் மாறிக்கொண்டும் இருக்கும். 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டியில் 12, 28 சதவீத அடுக்குகள் நீக்கப்பட்டு 5, 18 என்று பெரும்பாலான பொருட்கள் மாறின. சில ஆடம்பரப் பொருட்கள் போன்றவற்றுக்கு 40 சதவீதம் வந்தது. சிமெண்ட் 28-லிருந்து 18-க்கு இறங்கியதும் அன்றுதான். வருமான வரியிலும் 1961-ம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2025-ம் ஆண்டுச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. ஆக, படிப்பு முடிந்தது என்று புத்தகத்தை மூட முடியாத வேலை இது.

சாஃப்ட்வேரே எல்லாத்தையும் செஞ்சிடாதா?

நியாயமான கேள்வி. பில்லை போட்டோ எடுத்தால் தானாகப் பதியும் செயலிகள் வந்துவிட்டன. வங்கி ஸ்டேட்மெண்டை நேராக டேலிக்குள் ஏற்றலாம். எண்களை மட்டும் தட்டும் வேலை குறைந்துகொண்டே போகும் என்பதில் சந்தேகமில்லை.

ஆனால் அந்தப் பில் கடைச் செலவா, முதலாளி வீட்டுச் செலவா என்று சாஃப்ட்வேருக்குத் தெரியாது. 2பி-யில் ஒரு பில் வரவில்லை என்றால் மொத்த வியாபாரிக்கு போன் போட்டுப் பேச வேண்டியது மனிதர்தான். 'இந்த மாசம் கடன் வசூல் ஆகலை, அடுத்த லோடு எடுக்க வேணாம்ணே' என்று முதலாளியிடம் சொல்லக்கூடிய ஆளுக்கு எப்போதும் வேலை இருக்கும். அதற்கு டேலி பட்டன்களைவிட அடிப்படைக் கணக்கியல்தான் உதவும்.

எச்சரிக்கை: உங்கள் பெயரைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள்

கணக்கு வேலையில் பொறுப்பும் அதிகம். சரக்கே கைமாறாமல் பில் மட்டும் போடுவது சட்டப்படி குற்றம். 'ஓனர் சொன்னார், நான் போட்டேன்' என்று சொல்லி எளிதில் தப்ப முடியாது.

அதேபோல், வேலை தருவதாகவோ கடன் தருவதாகவோ சொல்லி ஆதார், பான் நகலை வாங்கி, அவர்கள் பெயரிலேயே போலி ஜிஎஸ்டி பதிவு எடுத்த வழக்குகள் தமிழ்நாட்டில் நடந்திருக்கின்றன. கடைசியில் வரி நோட்டீஸ் அந்த அப்பாவிகள் வீட்டுக்குத்தான் வரும். வேலைக்குச் சேரும் இடத்தில் நகல் கொடுத்தால் எந்த நோக்கத்துக்காகக் கொடுக்கிறீர்கள் என்று அதன் மேலேயே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். ஓடிபி-யை யாரிடமும் சொல்லாதீர்கள்.

மற்ற நாடுகளில் எப்படி?

இலங்கையில் 1987-ல் அமைந்த ஏஏடி எனப்படும் கணக்கியல் தொழில்நுட்பவியலாளர் சங்கம் பள்ளி முடித்தவர்களுக்கான தேர்வுகளை நடத்துகிறது. அங்குள்ள உயர் தொழில்நுட்பக் கல்வி நிறுவனம் கணக்கியலில் உயர் தேசிய டிப்ளமோவை நான்கு ஆண்டு நடத்துகிறது, யாழ்ப்பாணத்திலும் படிக்கலாம். சிங்கப்பூரில் பாலிடெக்னிக்குகளிலேயே மூன்று ஆண்டு அக்கவுண்டன்சி டிப்ளமோ உண்டு.

வெளிநாடு போகும் எண்ணம் உள்ளவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அமெரிக்க அசோசியேட் டிகிரியை மட்டும் முடித்துவிட்டுத் திரும்பினால் இங்கே அதை மூன்று ஆண்டுப் பட்டத்துக்குச் சமமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

மேலே படிக்க ஆசைப்பட்டால்?

* சிஏ: பிளஸ் டூ முடித்ததும் ஃபவுண்டேஷன் எழுதலாம். பி.காம் முடித்து 55 சதவீத மதிப்பெண் இருந்தால் நேரடியாக இன்டர்மீடியட். ஆர்ட்டிகிள்ஷிப் பயிற்சி முன்பு 3 ஆண்டு, 2023-ல் வந்த புதிய திட்டத்தில் 2 ஆண்டு. பயிற்சிக் காலத்தில் உதவித்தொகை உண்டு.
* சிஎம்ஏ: ஃபவுண்டேஷன், இன்டர்மீடியட், ஃபைனல் என மூன்று கட்டம். தொழிற்சாலைகளில் செலவுக் கணக்கு வேலைக்கு ஏற்றது.
* ஆடிட்டர் ஆபீஸ் அனுபவம்: எந்தத் தேர்வும் எழுதாவிட்டாலும் சிதம்பரம், கடலூரில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் ஓராண்டு உதவியாளராக இருந்தால் பல விதமான கடைகளின் கணக்கைப் பார்க்கலாம். ஒரே கடையில் பல ஆண்டு இருந்தாலும் கிடைக்காத அனுபவம் அது.

யாருக்கு எது பொருந்தும்?

* வீட்டுச் சூழல் அனுமதித்தால்: அரசுக் கல்லூரியில் பி.காம், கூடவே அரசு கணக்கியல் தேர்வு, கடைசி ஆண்டில் டேலி
* உடனே சம்பாதிக்க வேண்டிய கட்டாயம் இருந்தால்: டேலி, ஜிஎஸ்டி கற்று வேலையில் சேர்ந்துவிட்டு, அங்கீகாரம் சரிபார்த்த தொலைநிலை பி.காம்
* சிஎம்ஏ கனவு இருந்தால்: பி.காமோடு சிஏடி
* ஊரிலேயே அரசு சார்ந்த வேலை வேண்டும் என்றால்: டிகிரி முடித்து கூட்டுறவுப் பட்டயம்
* பிளஸ் டூவில் அறிவியல் படித்தவர்கள்: முதலில் பிளஸ் ஒன் கணக்குப்பதிவியல் பாடநூலை ஒரு மாதம் படித்துப் பாருங்கள். அரசு இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கும். பிடித்திருந்தால் மேலே போகலாம்.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய 6 கேள்விகள்

1. சான்றிதழில் யார் பெயர் இருக்கும்? பல்கலைக்கழகமா, அரசுத் துறையா, அந்த சென்டரா?
2. இந்த ஆண்டுக்கான அங்கீகாரக் கடிதத்தைக் காட்ட முடியுமா?
3. மொத்தக் கட்டணம் எவ்வளவு? தேர்வுக் கட்டணம், புத்தகம் அதில் அடங்குமா?
4. இடையில் நின்றால் பணம் திரும்பக் கிடைக்குமா? அசல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்வார்களா?
5. செய்முறைப் பயிற்சியில் உண்மையான பில், வங்கி ஸ்டேட்மெண்ட் வைத்துச் சொல்லித் தருவார்களா?
6. 'நூறு சதவீதம் வேலை' என்று சொன்னால், போன பேட்ச்சில் படித்தவர்கள் எங்கே வேலை செய்கிறார்கள்? அவர்களில் இரண்டு பேரிடம் பேச முடியுமா?

இந்த ஆறுக்கும் நேரான பதில் வந்தால் சேரலாம். ஒன்றுக்காவது மழுப்பினால், ரசீது போடும் முன் வீட்டில் கலந்து பேசிவிட்டு இன்னொரு இடத்தையும் விசாரிப்பது நல்லது.